பப்புவுக்கு முன் மீனுவைக் காட்டுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் பப்பு என்று ஒரு வெள்ளை பொமரேனியன் இருக்கிறான். 7 வயது, 9 கிலோ. ஒரு வருடமாகவே வாயில் தாங்க முடியாத நாற்றம். பல்லெல்லாம் மஞ்சள், கடைவாய்ப் பக்கம் பழுப்பாகக் கட்டி படிந்திருக்கிறது. ஆனால் சாப்பாட்டில் குறையில்லை. தயிர் சாதம், சிக்கன், சாயங்காலம் பாலில் நனைத்த பிஸ்கட், எல்லாம் சாப்பிடுகிறான். நான்கு மாதம் முன்பு வலது கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்தது. மாத்திரை கொடுத்ததும் சரியாகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். இந்த வயதில் மயக்கம் கொடுத்தால் எழுந்திருப்பானா என்று பயமாக இருக்கிறது. நாய்களுக்குக் குளிப்பாட்டி முடிவெட்டும் கடை ஒன்றில், மயக்கமே இல்லாமல் சுரண்டித் தருகிறோம் என்கிறார்கள். என் மாமனாரோ, "ஆட்டு எலும்பைப் போடு, தானா சுத்தமாகும். தெரு நாய்க்கு யார் பல் தேய்க்கிறாங்க?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பின்குறிப்பு: எங்கள் பூனை மீனு (4 வயது) இரண்டு வாரமாகச் சாப்பாட்டுக் கிண்ணம் வரை ஓடி வந்து, ஒரு வாய் எடுத்ததும் கத்திவிட்டு ஓடிவிடுகிறாள். மீன் அலுத்துவிட்டதோ?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். பப்புவைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு மீனுவை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். இருவரில் அவசரம் மீனுவுக்குத்தான். நாளையோ மறுநாளோ அவளைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு அலுத்துப்போன பூனை கிண்ணத்தை முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். மீனு அப்படிச் செய்யவில்லை. பசியோடு ஓடி வருகிறாள், வாய் வைக்கிறாள், கத்துகிறாள், ஓடுகிறாள். சில பூனைகள் கிண்ணத்தைப் பார்த்துச் சீறுவதும் உண்டு. தனக்கு வலி கொடுத்தது அந்தக் கிண்ணம்தான் என்று அவை நினைத்துக்கொள்கின்றன. இது வாயில் கடுமையான வலி இருக்கிறது என்பதற்கான அடையாளம். இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்கிறாளா, வாயிலிருந்து உணவு கீழே விழுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொள்கிறாளா, ரோமம் சிக்குப் பிடித்துக் கிடக்கிறதா. வாய் வலிக்கும் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதையும் நிறுத்திவிடும். ஆனால் நீங்களே வாயைத் திறந்து பார்க்க முயல வேண்டாம். வலியில் இருக்கும் பூனை யாரையும் கடிக்கும், வளர்த்தவரையும்.

இந்த வயதில் இப்படி நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டு நோய்களை. ஒன்று, பல் கரைவது. பூனையின் உடம்பில் உள்ள செல்களே அதன் பல்லை வேரிலிருந்தும் கழுத்துப் பகுதியிலிருந்தும் அரிக்கத் தொடங்கும். ஈறு வளர்ந்து அந்தக் குழியை மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் பல்லின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான் தெரியும். அந்த இடத்தைத் தொட்டால், மயக்கத்தில் இருக்கும் பூனைக்குக்கூடத் தாடை வெடவெடவென்று துடிக்கும். மனிதருக்குச் செய்வதுபோல இதை அடைத்துச் சரிசெய்ய முடியாது. அந்தப் பல்லை எடுத்துவிட வேண்டும். மற்றொன்று, ஈறும் தொண்டையின் ஓரமும் சேர்ந்து செக்கச்செவேல் என்று புண்ணாகிப்போவது. பல்லில் படியும் கிருமிப் படலத்துக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புசக்தி அளவுக்கு மீறிக் கிளம்புவதால் இது வருகிறது. பூனைகளைத் தாக்கும் கலிசி வைரஸ் தொற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இதற்கு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் நோய் அடங்கி அடங்கித் திரும்ப வரும். கன்னப் பற்களை எல்லாம் எடுத்துவிடுவதுதான் இன்று பலனளிக்கும் சிகிச்சை. கேட்டதும் மனசு பதறும், தெரியும். ஆனால் பல் எடுத்த பூனைகளில் பெரும்பாலானவை நன்றாகத் தேறிவிடுகின்றன. வலியில்லாத பொக்கை வாயோடு பூனை நிம்மதியாகச் சாப்பிடும், உலர் உணவைக்கூட.

சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் பூனைக்கு வாயில் புண் வரும். அதனால் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால், அதுவும் கொழுகொழுவென்று இருக்கும் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டரைப் பார்க்கும் வரை மீனை முள் நீக்கி, கூழாக மசித்து, லேசான சூட்டில் வையுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வலி என்று தெரிந்ததும், வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு உடைத்துக் கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ரத்தச் சிவப்பணுக்களால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும், முகம் வீங்கும். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. பல் வலிக்கு நாம் வைக்கும் கிராம்பு எண்ணெயும் வேண்டாம். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பப்புவுக்கும் ஐபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மனித வலி மாத்திரைகள் ஆகாது. வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும்.

சரி, பப்புவுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்த அந்த வரியைத்தான். அது கண் நோயாகவோ, எங்காவது மோதிய காயமாகவோ இருக்க வாய்ப்பு குறைவு. நாயின் மேல்தாடையில் கன்னப் பக்கம் இருப்பதிலேயே பெரிய பல் ஒன்று உண்டு. அதற்கு மூன்று வேர்கள். அந்த வேர்களின் நுனி கண்ணுக்குச் சற்றுக் கீழே போய் முடிகிறது. பல் உடைந்தோ ஈறு அழுகியோ கிருமி வேருக்குள் இறங்கினால், சீழ் கட்டி, தோலைத் துளைத்துக்கொண்டு அங்கேதான் வெளியே வரும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வீக்கம் வற்றும், தோல் மூடிக்கொள்ளும். ஆனால் கெட்டுப்போன வேர் உள்ளேயே இருக்கிறது. அதனால் சில வாரமோ மாதமோ கழித்து அதே இடத்தில் மறுபடி வீங்கும். பப்புவின் வலது மேல் கன்னப் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நான்கு மாதம் முந்தைய வீக்கத்தைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை.

"சாப்பாட்டில் குறையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பித்தான் பல நாய்கள் வருஷக்கணக்கில் வலியோடு விடப்படுகின்றன. பல் ஆடினாலும், சீழ் வடிந்தாலும் நாய் சாப்பிடும். மெல்லாமல் விழுங்கும், அல்லது வலிக்காத பக்கமாக ஒதுக்கிக்கொள்ளும். தயிர் சாதத்துக்கும் நனைத்த பிஸ்கட்டுக்கும் பல்லே தேவையில்லை. பப்பு எந்தப் பக்கமாக மெல்கிறான் என்று இரண்டு நாள் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காரை (பல்லில் இறுகிய அந்தப் பழுப்புக் கட்டி) அதிகமாகப் படிந்திருந்தால், அந்தப் பக்கத்தை அவன் பயன்படுத்துவதில்லை என்று அர்த்தம்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது? பல்லைச் சுத்தம் செய்த ஒரு நாளுக்குள்ளேயே கிருமிகள் மெல்லிய வழவழப்பான படலமாக அதன் மேல் படியத் தொடங்கும். விரல் நகத்தால் வழித்தால் வந்துவிடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் இறுகத் தொடங்கிக் காரையாகிவிடும். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் அதற்குச் சொத்தைப் பல் வருவது அபூர்வம், காரை படிவதோ மிகச் சுலபம். கன்னத்தின் உட்புறம் எச்சில் சுரப்பி திறக்கும் இடம் அந்தப் பெரிய மேல்பல்லுக்கு அருகில்தான். கடைவாய்ப் பக்கம் பழுப்பாகக் கட்டி என்று நீங்கள் எழுதியதற்கு அதுதான் காரணம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் இந்தக் காரையைவிட, ஈறுக்குக் கீழே நடப்பதுதான் நோய். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் கிருமிகள் இறங்கும்போது ஈறு முதலில் சிவக்கும், தொட்டால் ரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். தாண்டிவிட்டால் பல்லைப் பிடித்திருக்கும் தசைநார் அறும், தாடை எலும்பு கரையும். மண் அரித்துப்போன வேலிக்காலைப்போலப் பல் நிற்கும், ஆடும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. பப்புவைப்போன்ற சிறிய நாய்களில் கீழ்த்தாடை எலும்பு மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்த அதிர்ச்சியிலேயே முறிந்துவிடுவதும் உண்டு. மேல் கோரைப்பல்லின் உட்பக்கம் எலும்பு கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓட்டை விழும். தண்ணீர் குடித்ததும் தும்மல், ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாமனார் தெரு நாயைப் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. பதில் தாடையில் இருக்கிறது. ராஜபாளையத்துக்கும் 42 பல், பப்புவுக்கும் 42 பல். நாட்டு நாயின் நீண்ட தாடையில் அவை இடைவெளிவிட்டு நிற்கின்றன. பப்புவின் சிறிய தாடையில் ஒன்றோடொன்று நெருக்கியும் திரும்பியும் நிற்கின்றன. இடுக்கு அதிகம், அழுக்கும் அதிகம். (நம்மூரில் பொமரேனியன் என்று வளர்ப்பவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். பப்புவின் எடையைப் பார்த்தால் அவனும் அதுவாகத்தான் இருப்பான். பல் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே கதைதான்.) தெரு நாய்களுக்கும் ஈறு நோயும் உடைந்த பல்லும் உண்டு. யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. தவிர, பெரும்பாலான தெரு நாய்கள் வீட்டு நாயின் வயதைப் பார்ப்பதே இல்லை.

எலும்பு விஷயத்திலும் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மெல்லும்போது பல்லின் மேல்பகுதி உராய்ந்து சுத்தமாகும். ஆனால் ஈறோரத்தில், அதாவது நோய் தொடங்கும் இடத்தில், எலும்பு அவ்வளவாகப் படுவதில்லை. வேகவைத்த எலும்பு கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். வேகாத கெட்டியான கால் எலும்பைக் கடித்தால், நான் மேலே சொன்ன அந்தப் பெரிய கன்னப் பல் பட்டையாகச் சீவிக்கொண்டு உடையும். பப்புவின் வலப்பக்கப் பல்லே ஒருவேளை அப்படித்தான் போயிருக்கலாம். கடிக்க எதைக் கொடுத்தாலும் முதலில் உங்கள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியாவிட்டால் அது நாயின் பல்லுக்குக் கடினம். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு என்று கடைகளில் விற்பதெல்லாம் இந்தச் சோதனையில் தேறாது.

அப்புறம், மயக்கமில்லாமல் சுரண்டும் வேலை. அங்கே பப்புவை அழைத்துப் போகாதீர்கள் என்று உறுதியாகவே சொல்வேன். விழித்திருக்கும் நாய்க்கு ஈறுக்குக் கீழே கருவியை விட முடியாது. பல்லின் உட்புறத்தை எட்டவும் முடியாது. வெளியில் தெரியும் காரையை மட்டும் பெயர்த்து வெள்ளையாகக் காட்டுவார்கள். நீங்களும் சரியாகிவிட்டது என்று நம்புவீர்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். சுரண்டிய பல்லில் கீறல் விழுந்து, பாலிஷ் செய்யாமல் விட்டால், காரை முன்னைவிடச் சீக்கிரம் ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே புண்ணான ஈறில் இரும்புக் கருவி படும்போது அவனுக்கு வலிக்கும். நாலு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்த வேலைக்குப் பிறகு, அவன் வாயை நீங்கள் தொடவே விடமாட்டான்.

மயக்க மருந்தைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆபத்து அறவே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. ஆனால் 7 வயது ஸ்பிட்ஸுக்கு வயது ஒரு தடையே இல்லை. பார்க்க வேண்டியது உறுப்புகளின் நிலையை. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். இதயத்தைக் கேட்பார்கள், தேவைப்பட்டால் இசிஜி, எக்கோ எடுப்பார்கள். இந்தச் சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்வும் இதய வால்வுக் கோளாறும் வரக்கூடும். உற்சாகத்தில் குதிக்கும்போதோ கழுத்துப் பட்டையை இழுக்கும்போதோ பப்புவுக்கு வறட்டு இருமல் வருமானால் மறக்காமல் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்த பின் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் வைப்பார்கள். ஆக்சிஜனும் மயக்க வாயுவும் போவதற்கும், ஸ்கேலிங் (காரையைப் பெயர்த்தெடுப்பது) செய்யும்போது தெறிக்கும் தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பதற்கும் அது அவசியம்.

டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: குழாய் வைப்பீர்களா, இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் கடைசிவரை கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பாரா, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறு இடுக்கின் ஆழத்தை அளப்பீர்களா, பல் எக்ஸ்ரே உண்டா, கடைசியில் பாலிஷ் செய்வீர்களா. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்னதாகப் போன் செய்து, பல் சிகிச்சை எந்த நாட்களில் பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போகலாம்.

மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கொஞ்ச நாள் நாற்றம் குறையும், காரை அப்படியே இருக்கும், மருந்து நின்றதும் நாற்றம் திரும்பும்.

இப்போதே பிரஷ் வாங்கித் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். இதுதான் நல்ல எண்ணத்தோடு பலரும் தடுமாறும் இடம். புண்ணான ஈறில் பிரஷ் பட்டால் வலிக்கும், பிரஷ் என்றாலே ஓடுவான். முதலில் சிகிச்சை, பல் எடுத்திருந்தால் ஈறு ஆற இரண்டு வாரம், அப்புறம்தான் பிரஷ்.

அந்த இரண்டு வாரத்தில் வாயைத் தொடப் பழக்காமல், உதட்டுக்கு வெளியே முகத்தை மட்டும் தடவிப் பழக்குங்கள். ஆறிய பிறகு, வெங்காயமும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்த சிக்கன் தண்ணீரில் விரலை நனைத்து, மேல் உதட்டை லேசாகத் தூக்கி, பல்லின் வெளிப்பக்கம் தடவுங்கள். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விரல் தானாகப் போகும். சில விநாடி போதும், உடனே பாராட்டு, பிடித்த தின்பண்டம். நாலைந்து நாள் கழித்து விரலில் மெல்லிய பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். அதற்கும் பழகிய பிறகு குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். முடி ஈறோரத்தில் சாய்வாகப் படும்படி பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். கடைவாய்ப் பற்களும் கோரைப் பற்களும்தான் முக்கியம். உட்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு அரை நிமிடம். தினமும் செய்யுங்கள். காரை இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை தேய்ப்பதில் பலனில்லை.

நம் பற்பசை வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது. நுரையும் ஃபுளோரைடும் வயிற்றுக்குள் போகும். சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த பற்பசையாக இருந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கி, கல்லீரலும் கெட்டு உயிர் போகலாம். சர்க்கரையில்லாத சூயிங்கம்மிலும் சில மவுத்வாஷிலும்கூட இது இருக்கிறது. உப்பு, கரி, சாம்பல் எதுவும் வேண்டாம். நாய்களுக்கென்று சிக்கன் சுவையில் விற்கும் பசையை வாங்குங்கள். அது கிடைக்காத நாளில் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷே போதும். வேலை செய்வது பிரஷின் உராய்வுதான். பல்லுக்கென்று விற்கும் மெல்லும் குச்சிகள் வாங்கினால் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையில் காரையையோ படலத்தையோ குறைத்ததாகத் தெரிந்த பொருள்களுக்கு மட்டும் அமெரிக்காவிலுள்ள கால்நடை வாய்நலக் கவுன்சில் 1997 முதல் தரும் முத்திரை அது. இவையெல்லாம் பிரஷுக்குத் துணைதான், மாற்று இல்லை. சாயங்கால பிஸ்கட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள், ஒரு துண்டு வேகவைத்த கேரட் கொடுங்கள்.

மீனுவுக்கும், வாயில் பல் மிச்சமிருந்து புண் ஆறிய பிறகு, இதே முறைதான். பிரஷுக்குப் பதில் மீன் வேகவைத்த தண்ணீரில் நனைத்த இயர்பட்ஸ் போதும். பூனைக்குப் பொறுமை குறைவு, ஒரு பக்கம் காலையில், இன்னொரு பக்கம் இரவில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரின் வாயையும் டாக்டரிடம் காட்டுங்கள். மீனுவின் ரத்தப் பரிசோதனை முடிவும் பப்புவின் எக்ஸ்ரேயும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பல்லை எடுக்கச் சொன்னார்கள் என்பதையும், மீனுவின் எடையையும் சேர்த்து எழுதினால் உணவைப் பற்றித் தெளிவாகச் சொல்ல முடியும்.